நீலச் சாயம் கரியான கதை

கே: எரிமின்கலத்தில் பிளாட்டினத்துக்குப் பதில் நைட்ரஜன் சேர்த்த கரியே போதும் என்று படித்தேன். கரிக்கு இந்த யோகம் எப்படி வந்தது? முதலில் கண்டுபிடித்தது யார்?
— பிளஸ் டூ மாணவி, ஆலங்குடி

ப: ‘போதும்’ என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கதை கரியில் தொடங்கவில்லை, ஒரு சாயத்தில் தொடங்கியது. 1928-ல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில், வெள்ளையாக இருக்கவேண்டிய சரக்கில் நீலமாக ஏதோ படிந்திருந்தது. பாத்திரத்தின் உள்பூச்சு விரிசல்விட்டு, இரும்பு வினையில் கலந்துவிட்டது. அப்படிக் கிடைத்ததுதான் தாலோசயனின். நான்கு நைட்ரஜன் அணுக்கள் சூழ்ந்து நின்று நடுவில் ஓர் உலோக அணுவைப் பிடித்திருக்கும். நம் ரத்தத்தில் ஆக்ஸிஜன் சுமக்கும் ஹீமுக்கும் ஏறக்குறைய இதே முகம்.

எரிமின்கலத்தில் ஹைட்ரஜன் பக்கம் தகராறு இல்லை. ஆக்ஸிஜன் பக்கம்தான் இழுபறி. ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு நான்கு எலெக்ட்ரான்களை வாங்கினால் தண்ணீராகும். இரண்டோடு நின்றுவிட்டால் ஹைட்ரஜன் பெராக்ஸைடாகி உள்ளிருக்கும் சவ்வை அரிக்கும். பிளாட்டினம் இந்த வேலையை ஒழுங்காக முடிக்கும். ஆனால் விலை? அதன் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கா என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது.

கோபால்ட் தாலோசயனினும் இந்த வேலையைச் செய்யும் என்று 1964-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார் ரேமண்ட் ஜேசின்ஸ்கி. நான் முதல் மரியாதையை அவருக்கே கொடுப்பேன். சாயம் சீக்கிரம் கெட்டுப்போனதால், 1970-களில் அதைக் காற்றுப் படாமல் பல நூறு டிகிரியில் சுட்டுப் பார்த்தார்கள். மூலக்கூறு கருகிச் சிதைந்தது, வினையூக்கியோ முன்னைவிட நன்றாக உழைத்தது! 1989-ல் எர்னஸ்ட் யேகரின் குழு சாயத்தையே விட்டுவிட்டது. நைட்ரஜன் உள்ள பாலிஅக்ரிலோநைட்ரைல், கரி, கொஞ்சம் உலோக உப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்டது. அதுவும் பலித்தது.

அப்படியானால் வேலை செய்வது உலோகமா, நைட்ரஜனா? 2009 பிப்ரவரியில் ‘சயன்ஸ்’ இதழில் லிமிங் டாய் குழு துணிந்து பதில் சொன்னது: நைட்ரஜனே போதும். நைட்ரஜன் கலந்த கார்பன் நானோகுழாய்களைக் காடுபோல் நிமிர்த்தி வளர்த்து, இரும்பை நீக்கியபின் காரக் கரைசலில் சோதித்தார்கள், பிளாட்டினத்தையே மிஞ்சியது. நைட்ரஜன் எலெக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுப்பதால் அண்டை கார்பன் சற்றே நேர்மின் தன்மை பெறுகிறது, ஆக்ஸிஜன் அங்கே வந்து ஒட்டுகிறது என்பது அவர்கள் விளக்கம். இதில் ஒரு வேடிக்கை: குழாய்களை வளர்த்த மூலப்பொருள் இரும்புத் தாலோசயனின். எவ்வளவு கழுவினாலும் துளி இரும்பு தங்கியிருக்காதா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் கேள்வி நியாயமாகவே படுகிறது. 2016-ல் ஜப்பானின் நகமுரா குழு, பிரிடின் வகை (இரண்டு கார்பன்களோடு மட்டும் பிணைந்த) நைட்ரஜனுக்குப் பக்கத்துக் கார்பன்தான் வினை நடக்கும் இடம் என்று காட்டிய பிறகும் விவாதம் ஓயவில்லை.

டாய்க்குப் பிறகு முடி, சிறுநீர், இறால் ஓட்டுச் சரக்கு என்று நைட்ரஜன் உள்ள எதையும் கரியாக்கிக் கட்டுரை போட ஆரம்பித்தார்கள். 2020-ல் மார்ட்டின் பூமெரா குழு கிராஃபீனில் பறவை எச்சத்தைச் சேர்த்துச் சுட்டது. வினையூக்கம் கூடியது! கிண்டலாகச் செய்த உண்மையான ஆய்வு அது.

இனி அந்தப் ‘போதும்’ விஷயம். வண்டிகளில் ஓடும் எரிமின்கலங்களின் சவ்வு அமிலத் தன்மையுடையது. அங்கே உலோகமில்லாத நைட்ரஜன் கரி திணறுகிறது. இரும்பு சேர்த்தால் வேகம் வருகிறது, ஆயுள்தான் குறைவு. அதனால் அங்கே இன்றும் பிளாட்டினம்தான்.

நேரில் விசாரிக்க வேண்டுமானால் காரைக்குடி உங்களுக்குத் தூரமில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வகம், ஊர்க்காரர்கள் வாயில் ‘சிக்ரி’, அங்கேதான் இருக்கிறது. எரிமின்கல வேலை அதன் சென்னைப் பிரிவிலும் நடக்கிறது. கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் எஞ்சினீயரிங் என்று ஒரு பி.டெக். படிப்பும் காரைக்குடியில் உண்டு. பிளஸ் டூ முடித்ததும் விண்ணப்பித்துப் பாருங்கள்.