நெல் அவிக்க வெளி அடுப்பு: பார்த்து வாங்குவது எப்படி?

நிலக்கோட்டைப் பகுதியில் வீட்டுத் தேவைக்கு நெல் அவிக்கும் சிறு விவசாயிகள், விறகுத் தட்டுப்பாட்டால் எரிவாயு அடுப்பை நாடுவதுண்டு. அடுப்பு வாங்கும்போது தீயின் அளவைப் பார்த்தே பலர் முடிவு செய்கின்றனர். இது சரியன்று. திறந்த அண்டாவில் தண்ணீர் கொதித்தபின் எவ்வளவு தீ வைத்தாலும் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டாது. கூடுதல் தீ வாயுவைத்தான் வீணாக்கும்.

முதலில் பார்க்க வேண்டியது கால்கள். 75 கிலோ நெல் ஊறியபின் 90 கிலோவுக்கு மேல் நிற்கும். தண்ணீர், அண்டா எடையும் சேர்ந்தால் 120 கிலோவைத் தாண்டிவிடும். மெல்லிய முக்காலி அடுப்பு ஈரக் களத்தில் ஒருபுறம் புதைந்து சாய்ந்தால், கொதிநீர் அருகில் நிற்பவர் மீதுதான் கொட்டும். ஆங்கில் இரும்பில் செய்த, உயரம் குறைந்த நான்கு கால் அடுப்பே ஏற்றது. அதையும் கல் பாவிய இடத்தில் வைப்பது நலம்.

அடுத்தது குமிழ். அது அண்டாவின் விளிம்பைத் தாண்டி வெளியே நீண்டிருக்க வேண்டும். அகன்ற அண்டாவின் அடியில் திரும்பி வரும் அனல் குமிழையும் ரப்பர் குழாயையும் இளக்கிவிடும்.

கல்யாணச் சமையலுக்கு வரும் உயர் அழுத்த அடுப்பு வீட்டு ரெகுலேட்டருக்குப் பொருந்தாது. ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு நேராக இணைப்பது உயிருக்கே ஆபத்து. 14.2 கிலோ சிலிண்டர் வீட்டுச் சமையலுக்கு மட்டுமே வழங்கப்படுவது. விற்பனைக்கு அவிப்போர் 19 கிலோ வணிகச் சிலிண்டரையே பெற வேண்டும்.

வெளியில்தானே எரிகிறது என்று அலட்சியம் கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது; கசிந்தால் மேலே போகாமல் பள்ளத்தில் தங்கும். ஆகவே கிணற்று மேட்டிலும் குழியருகிலும் அடுப்பு வைக்கலாகாது. ஆடிக் காற்றில் தீ அணைந்தாலும் வாயு வந்துகொண்டேதான் இருக்கும். அடுப்புக்கு மட்டும் மூன்று பக்கம் தகரம் மறைத்து, சிலிண்டரை மறைப்புக்கு வெளியே நிமிர்த்தி வைத்து, ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழிடும். தீக்குச்சி வைத்துப் பார்க்கவே கூடாது.

செலவு என்ன? 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க, பாதி வெப்பம் வீணாவதாகக் கொண்டால், ஏறத்தாழ 1.3 கிலோ வாயு பிடிக்கும். சொந்தத் தோப்பில் மட்டையும் சுள்ளியும் கிடைப்பவருக்கு, மண் பூசிக் கட்டிய விறகடுப்பே கட்டுப்படியாகும்.