புதிதாக கேம் விளையாட வரும் தம்பி தங்கைகளுக்கு

எந்த கேமை முதலில் வாங்குவது என்று என்னிடம் கேட்கிற பிள்ளைகள் நிறையப் பேர். அண்மையில் நான் விளையாடி முடித்தவற்றை வைத்தே பதில் சொல்கிறேன். ஒவ்வொரு கேமும் நம்மிடம் ஏதோ ஒன்றைக் கேட்கிறது: கைவேகம், பொறுமை, யோசனை, சிலது பணம். எதைக் கேட்கிறது என்பது பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அதை மனமாரக் கொடுக்க முடிந்தால் மட்டும் தொடருங்கள்.

1. சிறியதில் தொடங்குங்கள். நூறு மணி நேரம் ஓடினால்தான் கொடுத்த காசுக்குப் பெறும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். 2023இல் வந்த ‘வெண்பா’ ஒரே மாலையில் முடிந்துவிடும். 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் கதை அது. டொரண்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் செய்தது. அம்மாவின் சமையல் குறிப்பேடு கிழிந்தும் எழுத்து அழிந்தும் கிடக்கிறது, விடுபட்டதை நாம்தான் ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி மாற்றி அடுக்கினால் ஆவி தடையில்லாமல் மேலே ஏறும் என்பது முதல் புதிர். அடுப்படியில் நின்று பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது நொடி நேர வேலை. மகன் கவின் வளர்ந்து, தமிழிலிருந்து விலகிப்போய், அம்மாவின் குறிப்பைப் படிக்கத் தடுமாறும் இடத்தில் நான் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். சமையல் இன்னும் இரண்டு மூன்று இருந்திருக்கலாம் என்பது ஒன்றே என் குறை. அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருது 2024இல் அதற்குக் கிடைத்தது. முழுத் தகுதியும் உண்டு.

2. கஷ்டமாக இருந்தால் செட்டிங்ஸைத் திறங்கள். மலையேறும் ‘செலஸ்ட்’ (2018) விரல்களைப் பிழிந்தெடுக்கும். ஆனால் அதைச் செய்தவர்களே உதவி முறை ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். வேகத்தைக் குறைக்கலாம், பிடிமானம் தளராமல் வைக்கலாம், சாகாமலேயே ஏறலாம். ‘ஹேடீஸ்’ (2020) இன்னும் பரிவானது: அதன் காட் மோடை இயக்கிவிட்டால், ஒவ்வொரு முறை சாகும்போதும் உடம்பில் விழும் அடி கொஞ்சம் குறைந்துகொண்டே வரும். இவற்றைப் பயன்படுத்துகிறவர்களை மட்டமாகப் பேசும் நண்பர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

3. ஓடத் தெரிந்துகொள்ளுங்கள். ‘எல்டன் ரிங்’ (2022) தொடக்கக் குகையை விட்டு வெளியே வந்தவுடனே, தங்கக் கவசம் பூண்ட குதிரை வீரன் ஒருவன் எதிரில் திரிவான். புதியவர்கள் அவனோடு மோதி மாய்கிறார்கள். அவன் அங்கே நிற்பதே, சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போகலாம் என்று நமக்குச் சொல்லத்தான். இந்தக் கேமை இயக்கிய மியாசாகியின் குழு இதை வாயால் சொல்லாது, அனுபவிக்கவிட்டே புரியவைக்கும். பத்து மணி நேரம் ஊர் சுற்றிப் பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வந்து அவனை வீழ்த்துங்கள். அந்த மகிழ்ச்சிக்கு ஈடில்லை. கேமின் கடைசிப் பகுதி மட்டும் நீண்டுகொண்டே போய்ச் சலிப்பூட்டியது.

4. விடையை யூடியூபில் தேடாதீர்கள். இங்கே மட்டும் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்வேன், ஏனென்றால் சில கேம்களை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் விளையாட முடியும். ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ (2019) அப்படிப்பட்டது. குட்டிச் சூரியக் குடும்பம், ஒரு ஓட்டை விண்கலம். 22 நிமிடத்தில் சூரியன் வெடிக்கும், மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆயுதம் சேராது, லெவல் ஏறாது. நமக்குத் தெரிந்தது மட்டும்தான் கூடிக்கொண்டே போகும். அந்தத் தெரிதலை வேறொருவர் சொல்லிவிட்டால் விளையாட எதுவும் மிஞ்சாது.

லூகஸ் போப்பின் ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ (2018) இதைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி. 1807இல் ஆளில்லாமல் கரைக்குத் திரும்பிய கப்பல். நாம் கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளர். கப்பலில் இருந்த 60 பேரும் யார் யார், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பதிவேட்டில் நிரப்ப வேண்டும். கையில் உள்ள கடிகாரம் ஒருவர் இறந்த நொடியை மட்டும் உறையவைத்துக் காட்டும். மற்றதை உடுப்பு, பேச்சு வழக்கு, தூளிப்படுக்கையின் எண், யார் யாரோடு ஒட்டி நிற்கிறார்கள் என்பதை வைத்து நாமே பிடிக்க வேண்டும். மூவரைச் சரியாக எழுதினால்தான் சரி என்று ஒப்புக்கொள்ளும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பது எளிதல்ல. ஆள் பட்டியலில் இந்தியாவிலிருந்து போன மாலுமிகளும் இருக்கிறார்கள். அந்தக் காலக் கம்பெனிக் கப்பல்களில் நம்மவர்கள் உழைத்தது வரலாறு என்பதால், அவர்கள் முகங்களை நான் தனியாகவே தேடினேன். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள்.

5. கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்’ (2017) கேமில் மீன் ஆலைத் தொழிலாளி ஒருவன் வருகிறான். ஒரு கையால் மீனை எடுத்துத் தலையை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும், மறு கையால் அவன் மனத்துக்குள் காணும் ராஜ்ஜியத்தில் நடக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மீன் வெட்டுவது தன்னாலேயே நடக்கும், மனம் ராஜ்ஜியத்தில் இருக்கும். சினிமாவாலும் நாவலாலும் இதை இப்படிச் செய்ய முடியாது.

6. ‘ஸ்டார்டியூ வேலி’ (2016) பண்ணையை அட்டவணை போட்டு நடத்தாதீர்கள். எரிக் பரோன் தனியொருவராக நாலரை ஆண்டு உட்கார்ந்து செய்தது அது. அதில் மழை நாள் வந்தால் மீன் பிடிக்கப் போங்கள்.

7. சீட்டு ஆசை வந்தால் ‘பலாட்ரோ’ (2024) விளையாடுங்கள். போக்கர் கைகள்தான், ஆனால் பணயம் எதுவும் கிடையாது. ஐரோப்பிய மதிப்பீட்டு அமைப்பு 18 வயது என்று முத்திரை குத்தி, மேல்முறையீட்டுக்குப் பின் 2025இல் 12 ஆக்கியது. அதே வேளையில், குழந்தைகள் விளையாடும் பல மொபைல் கேம்களில் என்ன வரும் என்று தெரியாத பெட்டியைக் காசுக்கு விற்கிறார்கள். பெல்ஜியம் 2018லேயே அத்தகைய பெட்டிகளைச் சூதாட்டம் என்று அறிவித்துவிட்டது. அப்படிப் பெட்டிக்குக் காசு கேட்கிற கேமை உடனே அழித்துவிடுங்கள். அப்பாவின் கார்டு எண்ணை போனில் சேமித்து வைக்காதீர்கள்.

8. நம் நாட்டுக் குழுக்களின் கேம்களைக் கேட்டு வாங்குங்கள். புனேயின் நாடிங் ஹெட்ஸ் செய்த ‘ராஜி’யில் (2020) நிழற்பாவைக் கூத்தாக வரும் கதைக்காட்சிகளும், கையால் தீட்டிய சுவர்களும் கண்ணை விட்டுப் போகாதவை. சண்டை இறுக்கமாக இருக்கிறது, கதையும் பாதியில் அறுந்தாற்போல் நிற்கிறது. இருந்தாலும் வாங்குங்கள். சிறிய குழுவுக்கு அடுத்த கேம் செய்யப் பணம் நம்மிடமிருந்துதான் போக வேண்டும். திருட்டுப் பிரதியை இறக்காதீர்கள், தள்ளுபடி வரும்வரை காத்திருந்தாவது விலை கொடுத்து வாங்குங்கள். விளையாடி முடித்ததும் நிறையும் குறையும் சேர்த்துத் தமிழில் நாலு வரி எழுதிப் போடுங்கள்.