மூளையின் நீரறைகளில் தோன்றும் கட்டிகள்



எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பர் பெரியோர். அச்சிரசினுள் நீர் நிறைந்த நான்கு அறைகள் இருப்பதை அறிவீர்களா? பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, நடுவில் மூன்றாவது, பின்புறம் கீழே நான்காவது. நாள்தோறும் சுமார் அரை லிட்டர் தெளிந்த நீர் ஊறி, இவற்றைக் கடந்து, மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து, இறுதியில் இரத்தத்தில் கலக்கிறது. அறைகளை இணைக்கும் வழிகளோ மிகக் குறுகியவை.

இவ்வறைகளில் அரிதாகப் புற்றுநோய் அல்லாத கட்டிகள் தோன்றுவதுண்டு. அவை மெதுவாக வளரும். பிற உறுப்புகளுக்குப் பரவா. ஆயினும் சாதுவான கட்டிதானே என்று வாளாவிருத்தல் ஆகாது. மூன்றாம் அறையின் முன்புறம் உண்டாகும் கூழ் நிறைந்த கட்டி சிறியதாயினும், வாய்க்காலை அடைத்த கல்லைப்போல் நீரைத் தடுத்துவிடும். தேங்கிய நீர் மூளையை அழுத்தும். காலையில் மிகும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், நடையில் தள்ளாட்டம் ஆகியவை இதன் அறிகுறிகள். கவனியாவிடில் திடீர் மரணமும் நேரலாம்.

எலும்புக்குள் மறைந்திருக்கும் இதனைக் காண்பது எப்படி? சாதாரண எக்ஸ்-ரே படத்தில் இவ்வறைகள் தெரிவதில்லை. 1918-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் டாக்டர் வால்டர் டாண்டி ஒரு வழி கண்டார். ஊசி மூலம் அறையிலுள்ள நீரை எடுத்து, அதற்குப் பதிலாகக் காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுத்தார். காற்று நிறைந்த அறைகளின் வடிவம் படத்தில் விழுந்தது. வடிவம் சிதைந்திருந்தாலும், காற்று ஓரிடத்தில் தடைபட்டு நின்றாலும் கட்டி இருக்குமிடம் புலப்பட்டது. மூன்றாம் அறைக் கட்டிகளைப்பற்றி 1933-இல் அவர் தனி நூலே வெளியிட்டார். ஆனால் இச்சோதனை நோயாளிக்கு வேதனையும் ஆபத்தும் மிகுந்ததாக இருந்தது.

1971-இல் லண்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு உருவாக்கிய சி.டி. ஸ்கேன் கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. துளையில்லை, காற்றில்லை! இதற்காக அவரும் கார்மாக்கும் 1979-இல் நோபல் பரிசு பெற்றனர். பின்னர் வந்த எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது.

இன்று மருத்துவர் முதலில் நோயாளி சொல்வதைக் கேட்கிறார்; கருவியால் கண்ணின் உட்புறத்தைப் பார்த்து நரம்பு வீங்கியுள்ளதா என்று அறிகிறார்; பின்பே ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். அகற்றிய கட்டியை நுண்ணோக்கியில் ஆராய்ந்த பின்னரே அது எவ்வகை என்பது உறுதியாகிறது.

தலைவலி எல்லாம் கட்டியாகிவிடாது; வீண் அச்சம் வேண்டாம். ஆனால் வாந்தியுடனோ பார்வைக் குறைவுடனோ தலைவலி திரும்பத் திரும்ப வந்தால், பரீட்சை முடியட்டும் என்று மறைக்காதீர்கள். பெற்றோரே, பள்ளிக்குப் போக மனமில்லாமல் சொல்லும் சாக்கு என்று எண்ணாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். காலத்தில் கண்டறிந்தால், இக்கட்டிகளுள் பலவற்றை முழுவதுமாக அகற்றிக் குணப்படுத்த முடியும்.