உர்பினோ அரண்மனை

இத்தாலி நாட்டின் நடுப்பகுதியில் குன்றின்மேல் அமைந்த சிறுநகரம் உர்பினோ. 1444ஆம் ஆண்டு முதல் அதனை ஆண்டவர் ஃபெடெரிகோ தா மொன்டெஃபெல்ட்ரோ. பொருள் பெற்றுக்கொண்டு பிற அரசுகளுக்காகப் படை நடத்துவது அவரது தொழில். போரால் ஈட்டிய பெரும்பொருளை அவர் கட்டடங்களுக்கும் நூல்களுக்கும் செலவிட்டார். 1474இல் கோமகன் என்னும் பட்டம் பெற்றார்.

1468இல் அரண்மனைப் பணியின் பொறுப்பை லூசியானோ லவுரானா என்னும் கட்டடக் கலைஞரிடம் ஃபெடெரிகோ ஒப்படைத்தார். அவருக்குப் பின் பிரான்செஸ்கோ டி ஜோர்ஜியோ அப்பணியைத் தொடர்ந்தார். அரண்மனையின் உள்ளே தூண்களும் அரைவட்ட வளைவுகளும் சூழ்ந்த அகன்ற முற்றம் உள்ளது. வெளிப்புறத்தில் மெல்லிய இரு கோபுரங்கள் உயர்ந்து நிற்கின்றன. அவற்றின் இடையே ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்த மாடங்கள் அமைந்துள்ளன.

மேல்மாடியில் கோமகனின் சிறிய படிப்பறை உள்ளது. அதன் சுவர்களில் கதவு பாதி திறந்த அலமாரிகள் காணப்படும். அவற்றுள் நூல்களும் இசைக்கருவிகளும் போர்க்கவசமும் இருக்கும். கையால் தொட்டால் சுவர் சமதளமாக இருக்கும்! பல நிற மரத்துண்டுகளை நுட்பமாக வெட்டிப் பதித்து உருவாக்கிய காட்சி அது.

கீழ்த்தளத்தில் உண்மையான நூலகம் ஒன்றும் இருந்தது. இலத்தீன், கிரேக்கம், எபிரேயம் முதலிய மொழிகளில் ஏறத்தாழ 900 சுவடிகளைக் கோமகன் திரட்டியிருந்தார். அவர் 1482இல் மறைந்தார். 1631இல் இறுதிக் கோமகன் ஆண் வாரிசின்றி இறந்தபோது, உர்பினோ போப்பாண்டவரின் ஆட்சிக்குள் சென்றது. 1657இல் சுவடிகள் அனைத்தும் உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டன.

இன்று அரண்மனை ஓர் அருங்காட்சியகம். நூலக அறையில் அந்தச் சுவடிகள் இல்லை. படிப்பறையின் மர நூல்களோ இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றை எவராலும் விரித்துப் படிக்க இயலாது. ஊர் மாறிய சுவடிகளை வத்திக்கான் நூலகத்தில் அறிஞர்கள் இன்றும் பயில்கின்றனர்.

சொல்லும் பொருளும்

கோமகன் – சிறுநாட்டை ஆள்பவருக்குரிய பட்டம்
மாடம் – மாளிகையின் முன்புறம் திறந்த பகுதி
சுவடி – கையால் எழுதப்பட்ட நூல்

வினாக்கள்

1. ஃபெடெரிகோ பொருள் ஈட்டிய வழி யாது? அதனை எவற்றிற்குச் செலவிட்டார்?
2. படிப்பறைச் சுவர்களின் சிறப்பு யாது?
3. மர நூல்கள், சுவடிகள் – இவற்றுள் எது நெடுங்காலம் வாழ்வதாகக் கருதுகிறீர்? காரணம் தருக.
4. ஓர் ஊரிலிருந்து வேறோர் ஊருக்கு வந்து இன்றும் பயன்படும் பொருள் ஒன்றைப் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.