மூட்டு வலியும் ஸ்டீராய்டு ஊசியும்

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு ஓட்டப்பந்தய வீரர்களின் நினைவே வருகிறது. 1988-ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த கனடா வீரர் பென் ஜான்சன், ஸ்டீராய்டு உட்கொண்டது தெரியவந்ததால் தங்கப் பதக்கத்தை இழந்தார். ஆனால் அது தசையை வளர்க்கும் வகையைச் சேர்ந்தது. நம் வீட்டுப் பெரியவர்களின் முழங்காலுக்கும் தோளுக்கும் முதுகுக்கும் மருத்துவர் போடுவது கார்ட்டிகோஸ்டீராய்டு என்னும் வேறு வகை. பெயரில் ஒற்றுமை உண்டு, வேலையில் இல்லை. "ஸ்டீராய்டா? ஐயோ, வேண்டவே வேண்டாம்" என்று அஞ்சுவோர் நம் வீடுகளில் உள்ளனர். "ஓர் ஊசி போட்டால் எழுந்து ஓடலாமாமே" என்று அதைத் தேடி அலைவோரும் உள்ளனர். இவ்விரு சாராரிடமும் நாம் சொல்லக்கூடிய செய்தி சில உண்டு.

நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய பாடத்தில், சிறுநீரகங்களின் தலைமேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைப் படம் வரைந்து பாகங்களைக் குறித்தோம் அல்லவா? அதன் புறப்பகுதியில் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன் நாள்தோறும் சுரக்கிறது. காலையில் மிகுதியாகவும் இரவில் குறைவாகவும் சுரக்கும் இப்பொருள், உடலில் அழற்சி அளவு மீறாமல் பார்த்துக்கொள்கிறது. ஊசியில் உள்ள மருந்து இதன் நெருங்கிய உறவு. ஆகவே இது நம் உடல் அறியாத நஞ்சு அன்று. ஆனால் உடல் தானே சுரப்பதைவிடப் பன்மடங்கு அளவில், ஒரே இடத்தில் செலுத்தப்படுகிறது. அதில்தான் இதன் நன்மையும் இருக்கிறது, தொல்லையும் இருக்கிறது.

இம்மருந்து பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் உள்ள மாயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர் பணியாற்றினார். முடக்குவாதத்தால் அவதியுற்ற ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்தபோது மூட்டு வலி மறைந்துவிட்டதை 1929-இல் அவர் கண்டார். கருவுற்ற பெண்களுக்கும் அவ்வாறே வலி தணிவதைப் பின்னர்க் கவனித்தார். வலியைத் தணிக்கும் பொருள் ஏதோ ஒன்றை உடலே உண்டாக்குகிறது என்பது அவரது ஊகம். அதே நிலையத்தில் எட்வர்ட் கெண்டல் என்ற வேதியியலார் கால்நடைகளின் அட்ரீனல் சுரப்பிகளிலிருந்து பல பொருள்களைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தார். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் டாடியஸ் ரைக்ஸ்டைனும் அதே ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். கெண்டல் 'ஈ' என்று குறித்துவைத்த பொருளே பின்னாளில் கார்ட்டிசோன் எனப் பெயர் பெற்றது. மாட்டின் பித்தநீரிலிருந்து நீண்ட வேதிமாற்றங்களின் மூலம் சிறிதளவே அதைத் தயாரிக்க முடிந்தது.

1948 செப்டம்பர் 21-ஆம் நாள், ராச்செஸ்டரில் பிரான்சிஸ்கன் சபைக் கன்னியர் நடத்திவந்த செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில், 29 வயதுப் பெண் ஒருவருக்கு இம்மருந்து முதன்முதலாக ஊசி வழியே தரப்பட்டது. முடக்குவாதத்தால் படுக்கையை விட்டு நகரவும் இயலாதிருந்த அவர், சில நாள்களில் எழுந்து நடந்தார். ஒரு வாரத்தில் கடைவீதிக்கே சென்று வந்தார்! கெண்டல், ரைக்ஸ்டைன், ஹெஞ்ச் ஆகிய மூவருக்கும் 1950-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஹெஞ்ச் தமக்குக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை அம்மருத்துவமனையில் வாத நோயாளிகளின் பிரிவைக் கவனித்துவந்த சிஸ்டர் பாண்டலியோனுக்கு அளித்தார். ரோமாபுரிக்குச் சென்று பாப்பரசரைக் காண வேண்டும் என்ற அச்சகோதரியின் நெடுநாள் ஆசை அதனால் நிறைவேறியது. மருந்து கண்டவருடன் படுக்கையருகில் நின்றவரும் பரிசில் பங்கு பெற்றார் என்பது நமக்கு மிகவும் பிடித்த செய்தி.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. மருந்தை நிறுத்தியதும் நோய் திரும்பியது. நிறுத்தாமல் மிகுதியாகத் தந்தாலோ முகம் முழுநிலவு போல் உப்பியது, எலும்பு மெலிந்தது, சிலருக்கு மனநிலையும் தடுமாறியது. உடல் முழுவதும் மருந்து பரவுவதால் வந்த வினை இது. அப்படியானால் நோயுள்ள மூட்டுக்குள் மட்டும் செலுத்தினால் என்ன? இவ்வழியை 1951-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜோசப் ஹாலண்டர் என்ற மருத்துவர். இன்று நாம் காணும் மூட்டு ஊசி அவர் வழி வந்ததே.

இது எவ்வாறு வேலை செய்கிறது? அடிபட்ட அல்லது தேய்ந்த மூட்டில் இரத்த அணுக்கள் திரண்டு, புரோஸ்டகிளாண்டின் முதலிய வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அவையே வீக்கத்துக்கும் சூட்டுக்கும் வலிக்கும் காரணம். ஸ்டீராய்டு செல்லுக்குள் புகுந்து இப்பொருள்களின் உற்பத்தியை அடக்குகிறது. பொங்கிவரும் பாலில் நம் அம்மா ஒரு கை தண்ணீர் தெளிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். பால் அடங்குகிறது, அடுப்பு எரிந்துகொண்டுதான் இருக்கிறது. ஊசியும் அப்படியே. தேய்ந்த குருத்தெலும்பை அது வளர்ப்பதில்லை, விலகிய வட்டைத் தள்ளி வைப்பதில்லை. சில வாரங்களோ சில மாதங்களோ வலியற்ற அவகாசம் தருகிறது. அந்த அவகாசத்தில் தொடைத் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்தால் ஊசிக்குப் பயன் உண்டு. வலி போய்விட்டதென்று மறுநாளே தண்ணீர்க் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தால் மருத்துவர் பாவம், என்ன செய்வார்?

மூட்டுக்குப் பெரும்பாலும் டிரையாம்சினோலோன் அல்லது மெத்தில் பிரெட்னிசோலோன் போடுகின்றனர். இவை நீரில் முழுதும் கரைவதில்லை; பால் போல் வெண்மையாக இருக்கும், குலுக்கிய பிறகே ஊசியில் ஏற்ற வேண்டும். இந்த நுண்துகள்கள் மூட்டுக்குள் தங்கி மெல்லக் கரைவதால்தான் பயன் நீடிக்கிறது. உடன் மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் சேர்ப்பதுண்டு. அதனால் அன்று வலி மறைந்து, அன்றிரவோ மறுநாளோ திரும்பி, பின்பு சில நாள்களில் உண்மையாகவே தணியும். மூட்டில் நீர் கட்டியிருந்தால் முதலில் அதை உறிஞ்சி எடுப்பர். அந்நீர் கலங்கிச் சீழ் போலிருந்தால் கிருமித் தொற்று உண்டோ என ஐயுற்று ஸ்டீராய்டைப் போடமாட்டார்கள்.

தோள் இறுக்கத்துக்கும், மடக்கிய விரல் நிமிராமல் சிக்கிக்கொள்ளும் நோய்க்கும் இவ்வூசி நல்ல பலன் தருகிறது. முழங்கையின் வெளிப்புறத்தில் வரும் 'டென்னிஸ் எல்போ' வலிக்கு அப்படியல்ல. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 198 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களே முன்னணியில் இருந்தனர். ஓராண்டு முடிவில் அவர்களே பின்தங்கினர்! முழங்கால் தேய்மானம் உள்ள 140 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2017-இல் வெளியாயிற்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என இரண்டாண்டுகள், பாதிப் பேருக்கு ஸ்டீராய்டும் மீதிப் பேருக்கு உப்பு நீரும் போட்டனர். ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்பு சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலியை அளந்தது ஒவ்வோர் ஊசிக்கும் மூன்று மாதம் கழித்தே என்பதையும் சொல்லியாக வேண்டும். இடையில் கிடைத்த நிம்மதி அதில் அகப்படவில்லை. ஒரே மூட்டில் ஆண்டுக்கு மூன்று நான்கு ஊசிக்கு மேல் வேண்டாம் என்று மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதற்குக் காரணம் இப்போது விளங்கும்.

முதுகுக்கும் கழுத்துக்கும் வருவோம். இங்கு ஊசி முதுகுத்தண்டின் உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில், எக்ஸ்ரே திரையில் பார்த்தபடியே போடப்படுகிறது. வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதால் பிட்டத்திலிருந்து பாதம் வரை மின்னல் போல் இறங்குகிறதே, அந்தக் கால் வலிக்குச் சில வாரங்கள் ஓரளவு தணிவு கிடைக்கலாம். வெறும் முதுகுவலிக்குப் பயன் மிகக் குறைவு. மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த முதுகெலும்பு வலிக்கு இத்தகைய ஊசிகள் வேண்டாம் என்றே 2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு வல்லுநர் குழு பரிந்துரைத்தது. வலி மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை.

கழுத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. மூட்டில் நன்மை செய்த அதே நுண்துகள்கள், தவறி ஓர் இரத்தக் குழாயினுள் புகுந்தால், மூளைக்கோ தண்டுவடத்துக்கோ செல்லும் இரத்தத்தை அடைத்துவிடும். அரிதே ஆயினும் பார்வை இழப்பும் பக்கவாதமும் மரணமும் நேர்ந்திருப்பதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2014-இல் எச்சரித்தது. ஆகவே நரம்பு வெளிவரும் துளை வழியே கழுத்தில் போடும்போது, துகளின்றித் தெளிவாக உள்ள டெக்சாமெத்தசோனையே தேர்ந்தெடுக்கின்றனர்.

மருந்துப் புட்டியின் தூய்மையும் உயிர்ப் பிரச்சினையே. 2012-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து மருந்துக் கலவைக்கூடம் ஒன்றிலிருந்து சென்ற ஸ்டீராய்டுப் புட்டிகளில் பூஞ்சை கலந்திருந்தது. இருபது மாநிலங்களில் 753 பேர் நோயுற்றனர். 64 பேர் இறந்தனர். பலருக்குக் காரணமாயிருந்தது புல் இலைகளில் வாழும் ஒரு சாதாரணப் பூஞ்சை. முதுகுவலி தீரச் சென்றவர்கள் மூளையுறைக் காய்ச்சலுக்கு ஆளானார்கள்.

நம் வீடுகளில் பெரிதும் கவனிக்க வேண்டியது சர்க்கரை நோய். மூட்டில் போட்ட மருந்து மூட்டோடு நின்றுவிடுவதில்லை. சிறிதளவு இரத்தத்திலும் கலக்கிறது. அதனால் நீரிழிவு உள்ளவர்களுக்குச் சில நாள்கள் இரத்தச் சர்க்கரை உயரும். காரணம் தெரியாமல் பாட்டியை "நேற்று என்ன பாயசம் குடித்தீர்கள்?" என்று நாம் கேட்பது நியாயமா? சர்க்கரை நோய், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் மாத்திரை, காய்ச்சல், ஆறாத புண், கடைசியாக எந்த மாதம் ஊசி போட்டது ஆகியவற்றை மருத்துவரிடம் முன்னரே சொல்ல வேண்டும். பெரியவர்கள் மறப்பார்கள், உடன் செல்லும் நாம் ஒரு தாளில் எழுதிச் செல்லலாம். "மூட்டு வலிப் பொடி" என்று பெயரும் சீட்டும் இல்லாமல் விற்கும் பொட்டலங்களைப் பாட்டி உண்கிறார் என்றால் அதையும் கட்டாயம் சொல்ல வேண்டும். அத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தது சோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. நாள்கணக்கில் அதை உண்டவரின் அட்ரீனல் சுரப்பி தன் வேலையை மறந்திருக்கும். திடீரென நிறுத்துவது ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

ஊசி போட்டபின் ஓரிரு நாள் அம்மூட்டுக்கு ஓய்வு தர வேண்டும். முகம் சிவப்பதும், முதல் இரண்டு நாள் வலி சற்றுக் கூடுவதும் தாமே அடங்கும். ஊசி ஏறிய இடத்தில் தோல் வெளுப்பதும் உண்டு. ஆனால் காய்ச்சல் கண்டாலோ, மூட்டு சிவந்து வீங்கி நாளுக்கு நாள் வலி ஏறினாலோ, முதுகில் ஊசி போட்டவருக்குக் கால் மரத்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.