பொறியியலுக்கு முன் இரண்டாண்டுக் கணிதம்

பத்தாம் வகுப்புத் தேறியதும், மேலே எந்தப் பாடத் தொகுதியை எடுப்பது என்ற கேள்வி நம் அங்கத்தினர்கள் இல்லங்களில் எழுகின்றது. “கணக்குக் கடினம், வேறொன்றை எடு” என்று சொல்லிவிடுதல் எளிது. அச்சொல்லால் எந்தக் கதவு மூடுகிறது என்பதை அறிந்த பின்னரே அதனைச் சொல்லுதல் நன்று. அதனை இம்மாதப் பாடத்தில் விளக்க முற்படுகிறோம்.

பழைய ஏற்பாடு

பள்ளிக்கும் தொழிற்கல்விக்கும் இடையே இரண்டாண்டுப் படிப்பு இருப்பது நமக்குப் புதிதன்று. சென்னைச் சர்வகலாசாலையில் அது முதலில் எப்.ஏ. என்றும், பின்னர் இண்டர்மீடியட் என்றும் வழங்கிற்று. கணித மேதை இராமாநுஜன் 1904-ஆம் ஆண்டு கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பிற் சேர்ந்தார். அவருடைய தந்தையார் அந்நகரில் ஜவுளிக் கடையொன்றில் கணக்கெழுதியவர். மகன் கணிதத்திலேயே ஆழ்ந்தமையால் ஆங்கிலத்தில் தவறினார். உதவிச் சம்பளமும் போயிற்று. 1907-இல் மீண்டும் எழுதியும் தேறவில்லை. ஆயினும் 1918-இல் இலண்டன் ராயல் சங்கம் அவரை அங்கத்தினராக ஏற்றது. மேதைக்கு வேறு வழி திறந்தது. ஏனையோர்க்கு எல்லாப் பாடங்களிலும் தேறுவதே வழி.

1950-களின் பிற்பகுதியில் இண்டர்மீடியட் நீங்கி ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. 1978-இல் மேல்நிலைப் பள்ளிகளில் மீண்டும் இரண்டாண்டுப் படிப்பாயிற்று. பெயர் மாறினும் கணிதம், பௌதிகம், இரசாயனம் என்னும் மூன்றுமே பொறியியலுக்கு அடிப்படையாக நிற்கின்றன.

கணிதம் எதற்கு?

நாமறிந்த வாய்க்காலையே எடுத்துக்கொள்வோம். அதன் அடியும் இருபுறச் செங்குத்துச் சுவர்களும் சேர்ந்து 12 மீட்டர் அளவிற்குத்தான் சிமெண்டுப் பூச்சுப் பூசப் பணம் உண்டு. எந்த அளவில் அமைத்தால் நீர் மிகுதியாகச் செல்லும்?

அடி 8, ஆழம் 2 எனில், நீரோடும் பரப்பு 16 சதுர மீட்டர்.
அடி 6, ஆழம் 3 எனில், 18.
அடி 4, ஆழம் 4 எனில், மீண்டும் 16.

பூச்சின் அளவு ஒன்றே, பலனோ வேறு. இதனினும் மேலான அளவு இடையில் உண்டோ என்ற ஐயம் எழலாம். ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்தால் அது தீராது. அடி, ஆழத்தைப் போல் இருமடங்காயிருத்தலே சிறந்தது என்று நுண்கணிதம் சில வரிகளில் நிறுவிவிடும். அதனை நம் பிள்ளைகள் கற்பது இவ்விரண்டாண்டுகளில்தான். பொறியியற் கல்லூரி இதன்மேலேயே கட்டிடம் எழுப்புகிறது.

இன்றைய மதிப்பெண் கணக்கு

மாநிலப் பொறியியல் கலந்தாய்வில் தரவரிசை 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதத்திற்கு 100, பௌதிகம், இரசாயனம் ஒவ்வொன்றிற்கும் 50. கணிதம் 90, பௌதிகம் 80, இரசாயனம் 70 பெற்றவருக்கு 165 கிடைக்கும். கணிதம் 80, பௌதிகம் 90, இரசாயனம் 70 பெற்றவருக்கு 160. இருவர்க்கும் மொத்தம் 240 ஆயினும் தரம் வேறாகிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிற் பயின்றோர்க்கு 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடும் உண்டு.

மேல்நிலை வகுப்பில் இத்தொகுதி கிட்டாதோர் பாலிடெக்னிக்கில் மூன்றாண்டு டிப்ளமா முடித்துப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். நெசவாளர் மக்களுக்குச் சேலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் உண்டு. அங்கும் கணிதம் விலகுவதில்லை.

நம் கடமை

மேட்டூர் அணை வழக்கமாய்த் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டியே பள்ளியும் திறக்கிறது. குறுவை நடவுக்கும், தீபாவளிக்கு முன் தார் சுற்றவும் பிள்ளைகளின் கை வேண்டியிருப்பதை அறிவோம். ஆனால் கணிதம் நெசவைப் போன்றது. ஓரிழை அறுந்தால் அதனை முடிந்த பின்னரே மேலே நெய்யலாம். தவறிய ஒரு வாரப் பாடம் அடுத்த மாதப் பாடத்தையும் விளங்காமற் செய்யும். ஆகவே இவ்விரண்டாண்டுகளிலேனும் வேலைக்காகப் பிள்ளைகளைப் பள்ளியினின்று நிறுத்தாதிருப்போமாக.

கலந்து பேசுதற்குரிய வினாக்கள்

1. மேற்கண்ட வாய்க்காலின் அடி 5 மீட்டராயின் ஆழமும் பரப்பும் எவ்வளவு?
2. நம் சங்கக் கட்டிடத்தை மாலை வேளையில் மாணாக்கர் படிக்கத் திறந்துவிட இயலுமா?