லூப்பைக் குறை சொல்லாதே மக்ளே

"அக்கா, ஜாவாஸ்கிரிப்டில் எந்த லூப் வேகம்?" புராஜெக்ட் கொடுக்க ரெண்டு நாள் இருக்கும்போதுதான் இந்தக் கேள்வி வரும். கேளு மக்ளே. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளை எண் வரிசைப்படி ஓர் அரேயில் போட்டிருக்கிறாய் என்று வை. ஆறு பெயருக்கு எந்த லூப் போட்டாலும் ஒன்றுதான். லூப்புக்குள்ளே என்ன செய்கிறாய் என்பதில்தான் நேரம் போகிறது.

1. வழக்கத்துக்கு ஃபார்-ஆஃப் போடு. 2015-ல் வந்தது, வாசிக்கச் சுகம், வேண்டிய இடத்தில் பிரேக் போடலாம். லட்சக்கணக்கான எண்களைக் கூட்டவேண்டுமென்றால் பழைய ஃபார் லூப், அதுதான் பெரும்பாலும் முந்தும்.

2. அரேக்கு ஃபார்-இன் வேண்டவே வேண்டாம். மெதுவு என்பதோடு தொல்லையும் உண்டு. அது தருகிற இன்டெக்ஸ் எண் இல்லை, ஸ்ட்ரிங். நம்ம தொகுதி எண்கள் 229-ல் தொடங்குகின்றன; தொகுதி எண் வர இன்டெக்ஸோடு 229-ஐக் கூட்டிப் பார்: கன்னியாகுமரிக்கு 229 வராமல் 0229 வரும், நாகர்கோவிலுக்கு 1229! பிறகு ராத்திரி முழுக்கப் பிழை தேடு.

3. ஃபார்ஈச்சில் பிரேக் கிடையாது. குளச்சலில் தேடியது கிடைத்தாலும் கிள்ளியூர் வரை ஓடித்தான் நிற்கும். உள்ளே அவெயிட் போட்டாலும் லூப் காத்திருக்காது. ஃபார்-ஆஃப் காத்திருக்கும், ஆனால் ஒன்று முடிந்துதான் அடுத்தது: சர்வருக்குப் போய்வர ஒரு செகண்ட் என்றால் ஆறு தொகுதிக்கு ஆறு செகண்ட். ஒன்றை ஒன்று நம்பியிராத வேலையா? பிராமிஸ்.ஆல் போட்டு எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பு.

4. மேப் ஒவ்வொரு தடவையும் புது அரே உண்டாக்கும். அது தேவையில்லை என்றால் மேப் எதற்கு?

5. இதைத்தான் ஓர்மையில் வைக்கவேண்டும். 10,000 பெயர் உள்ள ஒரு பட்டியலில் ஓடிக்கொண்டே, இன்னொரு 10,000 பெயர்ப் பட்டியலில் இன்குளூட்ஸ் வைத்துத் தேடுகிறாய். பார்க்க ஒரே வரி. பெயர் ஒன்றும் பொருந்தாவிட்டால் 10 கோடி ஒப்பீடு! ரெண்டாவது பட்டியலை லூப்புக்கு வெளியே ஒரே ஒரு தடவை செட் ஆக மாற்றி, ஹேஸ் வைத்துக் கேள். 10,000 கேள்வியில் முடிந்துவிடும். செட்டை லூப்புக்குள்ளேயே உண்டாக்குகிற புத்திசாலிகளும் உண்டு; நீ அதைச் செய்யாதே.

6. லூப்புக்குள் இன்னர்-எச்டிஎம்எல்லில் கூட்டிக்கொண்டே போகாதே. ஒரு ஓடு மாற்ற வீட்டையே இடித்துக் கட்டுகிற வேலை அது. எல்லாவற்றையும் ஒரு ஸ்ட்ரிங்கில் சேர்த்துவிட்டுக் கடைசியில் ஒரு தடவை போடு.

எதையும் மாற்றுமுன் கன்சோல்.டைம் வைத்து அளந்து பார். உன் புது லேப்டாப்பில் மட்டும் போதாது, பழைய போனிலும் திறந்து பார்.